நைலான் வளையம்

ஜோடி ஸ்கேட்டிங்கில் மொத்தம் பதினாறு சக்கரங்கள். அவளுக்கு எட்டு, எனக்கு எட்டு. தொலைக்காட்சியில் நீங்கள் பார்த்திருப்பது பனித்தரையில், காலில் கத்தி கட்டிக்கொண்டு ஆடுவது. ஹைதராபாத்தில் எங்களுக்குக் கிடைத்தது சிமெண்டுத் தரையும் சக்கரமும்தான். தூக்குவது, சுழற்றுவது, எறிவது எல்லாம் அங்கே உள்ள அதே கணக்கு. பனியில் விழுந்தால் வழுக்கிக்கொண்டே போவார்கள். நாங்கள் விழுந்த இடத்திலேயே கிடப்போம், தோல் மட்டும் கொஞ்சம் முன்னால் போகும்.

பதினாறு சக்கரத்தையும் கவனிப்பது ஆணின் வேலை. எந்த விதிப்புத்தகத்திலும் இது இல்லை. ஆனாலும் எங்கள் ஸ்கேட்டிங் ரிங்கில் எல்லா ஜோடியிலும் அப்படித்தான். அவள் முடியை இழுத்துக் கட்டிக்கொண்டிருக்கும்போது அவன் தரையில் உட்கார்ந்து அவளுடைய ஸ்கேட்டை மடியில் கவிழ்த்து வைத்திருப்பான்.

சக்கரம் எப்படி நிற்கிறது என்று முதலில் சொல்லிவிடுகிறேன். ஓர் இரும்புத் தண்டு. அதில் சக்கரத்தைக் கோர்த்து, முனையில் ஒரு நட்டு. நட்டை முழுக்க முறுக்கிவிட்டால் வேலை முடிந்தது என்று தோன்றும். அப்படிச் செய்தால் உள்ளே இருக்கும் பேரிங் நெரிந்து சக்கரம் சுற்றாது. அதனால் முழுக்க இறுக்கிவிட்டுக் கால் சுற்று பின்னால் தளர்த்த வேண்டும். தளர்த்திய நட்டு ஆட்டத்தின் அதிர்வில் கழன்று வராதா என்றால், வராது. இது லாக் நட்டு; இதன் வாயில் வெள்ளையாக ஒரு நைலான் வளையம் இருக்கிறது. தண்டில் திருகலாக ஓடும் மரை அந்த நைலானை அறுத்துக்கொண்டு உள்ளே போகும். போன இடத்தில் நைலான் அதைக் கவ்விக்கொள்ளும். சக்கரத்தைக் காலோடு வைத்திருப்பது அந்தக் கவ்வல்தான்.

என் பெயர் கிருஷ்ணகுமார். ரிங்கில் கிட்டு. ராமச்சந்திராபுரம் டவுன்ஷிப்பில் வளர்ந்தவன். இப்போது மல்லாபூரில் பம்பு செய்யும் தொழிற்சாலை ஒன்றில் தரப் பரிசோதகர். பதினோரு வயதிலிருந்து இருபத்து நான்கு வரை சபீனாவோடு ஆடினேன். நான்கு முறை மாநிலத்தில் முதல் இடம், ஒருமுறை தேசிய அளவில் வெண்கலம். எங்கள் பலம் எறிதல். நான் அவள் இடுப்பைப் பிடித்திருப்பேன். அவள் குதிக்கும் நொடியில் என் கைகள் அவளை மேலே விடும். அவள் தானாகக் குதித்தால் எழும்பும் உயரம் ஒரு பங்கு என்றால், என் கைகள் இன்னொரு பங்கு சேர்க்கும். காற்றில் இரண்டு முறை சுழன்று, வலது காலில், பின்புறமாக ஓடியபடி இறங்குவாள். இறங்கும்போது மொத்த எடையும் முதலில் தொடுவது ஒரே சக்கரத்தை: வலது ஸ்கேட்டின் முன்பக்கம், வெளிப்புறம்.

மூன்று வருடம் முன்பு, மாநிலப் போட்டியில், அந்தச் சக்கரம் கழன்றது.

அவள் விழுந்த சத்தம் எனக்கு நினைவில் இல்லை. சக்கரம் உருண்ட சத்தம் இருக்கிறது. அது தனியாக, அவசரமே இல்லாமல், நடுவர்களின் மேசை வரைக்கும் உருண்டு போய், மேசைக்காலில் முட்டிச் சாய்ந்தது. பாட்டு ஓடிக்கொண்டே இருந்தது. சபீனாவின் முழங்காலுக்குள் இரண்டு லிகமெண்ட் அறுந்திருந்தது. அவள் அதற்குப் பிறகு ஸ்கேட் கட்டவில்லை.

எல்லோரும் விபத்து என்றார்கள். எங்கள் பயிற்சியாளர் லட்சுமணன் சார் ஒரு வார்த்தை கேட்கவில்லை. சபீனாவும் கேட்கவில்லை. ஆஸ்பத்திரிக்கு ஒருமுறை போனேன். வராந்தாவில் அவளுடைய அப்பா முகமது யூசுப் மாமா நின்றிருந்தார். "தூங்குறா" என்றார். திரும்பி வந்தேன். அப்புறம் போகவில்லை.

ஏனென்றால் அன்று காலை அந்த நட்டைக் கடைசியாகத் தொட்டவன் நான். வாரத்துக்கு ஒருமுறையும், போட்டி அன்று கட்டாயமாகவும், எட்டையும் கழற்றி, பேரிங்கைத் துடைத்து, திரும்ப மாட்டுவேன். அன்றும் கழற்றினேன். திரும்ப இறுக்கினேனா? இறுக்கியது நன்றாக நினைவிருக்கிறது. ஸ்பேனர் கைக்குள் சூடாக இருந்தது, சபீனா எதற்கோ சிரித்துக்கொண்டிருந்தாள், அவள் காலில் வெள்ளை சாக்ஸ். பிரச்சினை அந்த சாக்ஸில்தான். போட்டி உடைக்குப் பச்சை சாக்ஸ். வெள்ளை சாக்ஸ் பயிற்சி நாட்களுக்கு. அப்படியென்றால் எனக்கு நினைவிருப்பது வேறு ஏதோ ஒரு நாள். ஒரே வேலையை நூறு காலை செய்தால், நூறும் ஒன்றின் மேல் ஒன்று ஒட்டிக்கொள்கிறது. நடுவில் இருந்து ஒரே ஒரு காலையை உருவி எடுக்க முடியவில்லை. மூன்று வருடம் உருவிப் பார்த்தேன். பேருந்தில் யாராவது பாட்டில் மூடியைக் கீழே விட்டால், அது நிற்கும் வரை என்னால் மூச்சு விட முடியாது.

இரண்டு வருடம் ரிங்கின் பக்கமே போகாமல் இருந்தவனை லட்சுமணன் சார்தான் இழுத்து வந்தார். ஏ.எஸ்.ராவ் நகரில் இருந்து சௌம்யா என்று ஒரு பெண், பத்தொன்பது வயது, தனியாக ஆடுகிறவள், குதித்தால் பூனை மாதிரி இறங்குவாள், ஜோடி வேண்டும் என்றார். அவளுடைய அப்பா அம்மா திருச்சிக்காரர்கள், ஐ.டி. வேலைக்காக வந்தவர்கள். சௌம்யா இங்கேயே படித்ததால் பாதி தமிழும் பாதி இங்கிலீஷுமாகப் பேசுவாள். என்னை அண்ணா என்பாள்.

நான் அவளுடைய எட்டு நட்டையும் தினமும் கழற்றி மாட்டினேன். இந்த முறை எந்த நாளும் எந்த நாளோடும் ஒட்டிக்கொள்ளக் கூடாது என்று, ஒவ்வொரு நட்டு முடிந்ததும் எண்ணைச் சத்தமாகச் சொன்னேன்.

"அண்ணா, நேத்துதானே கழட்டினீங்க?"

"அது நேத்து. இது இன்னிக்கு."

"நைட்டுல என்ன, சக்கரம் மட்டும் தனியா ஊர் சுத்திட்டு வந்துச்சா?"

நான் ஐந்து என்றேன்.

"சார், பாருங்க. பாட்டு போட்டு ட்வென்டி மினிட்ஸ் ஆச்சு. வார்ம்-அப் எல்லாம் ஆறிப் போச்சு எனக்கு."

லட்சுமணன் சார் என்னைத் திட்டவில்லை. ஆனால் ரிங்கில் இறங்கிய பிறகு விடமாட்டார். நான் சௌம்யாவை எறிந்ததும் கையைத் தட்டி நிறுத்தினார்.

"கிட்டு, பொண்ண எறியறியா, தொட்டில்ல போடறியா?"

உண்மைதான். என் கைகள் பாதியில் நின்றுவிடுகின்றன. கடைசி நொடியில், விரல்கள் அவள் இடுப்பை விட்டு மேல்நோக்கித் தள்ள வேண்டிய இடத்தில், அவை தள்ளாமல் பிடித்து இறக்கப் பார்க்கின்றன. உயரம் குறைந்தால் காற்றில் நேரமும் குறைவு. அதற்குள் இரண்டு சுற்று முடிக்க சௌம்யா உடம்பை இரட்டை வேகத்தில் முறுக்குவாள். முடித்துவிடுவாள். அது அவளுடைய திறமை. பார்ப்பவர்களுக்கு அது எறிதலாகவே தெரியாது.

மாநிலத் தேர்வுக்கு எட்டு நாள் இருந்தது. தேசியப் போட்டிக்கு ஒரு ஜோடி போகும், இன்னொரு ஜோடி மாற்றாக இருக்கும். சௌம்யாவின் அம்மா வேறு ஆள் பார்க்கச் சொல்லிவிட்டாராம். தேர்வு வரைக்கும் பார்ப்போம் என்று சார் தவணை வாங்கி வைத்திருந்தார். அன்று பயிற்சி முடிந்து சௌம்யா என் முன்னால் வந்து உட்கார்ந்தாள். கையில் போன்.

"இதப் பாருங்க. நம்ம வீடியோ. என்னை எறியறப்போ எங்க பாக்கறீங்க?"

பார்த்தேன். என் தலை குனிந்திருந்தது.

"என் ரைட் ஃபுட்டைப் பாக்கறீங்க. எல்லா வீடியோலயும். லெவன் வீடியோ பாத்துட்டேன்." போனை வைத்தாள். "அந்த அக்காகிட்ட பேசினீங்களா?"

"எந்த அக்கா?"

"அய்யோ அண்ணா. ரிங்க் ஃபுல்லா தெரியும்."

"பேச என்ன இருக்கு?"

"ஐ டோன்ட் நோ. உங்களுக்கு என்ன கேக்கணுமோ அதைக் கேளுங்க. நான் மேல போறப்போ நீங்க என்கூட இருக்கணும். வேற யார்கூடவோ இருக்கீங்க." எழுந்தாள். "இல்லன்னா மண்டேலேருந்து நான் நம்ம ரிங்க் ராகேஷோட டிரை பண்றேன். அவனுக்கு டான்ஸே வராது. ஆனா கை இருக்கு."

மறுநாள் ஞாயிறு. லாலாகூடாவில் ரயில்வே குடியிருப்புகளுக்குப் பின்னால் உள்ள தெருவில் யூசுப் மாமாவின் வீடு. அரக்கோணத்தில் இருந்து அவருடைய அப்பா காலத்திலேயே ரயில்வே பட்டறை வேலைக்கு வந்த குடும்பம். மாமாவும் அதே பட்டறையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். கதவைத் திறந்து என்னைப் பார்த்தவர் உள்ளே திரும்பி, "சபீ" என்று மட்டும் கூப்பிட்டார்.

சபீனா வந்தாள். வலது காலை ஒரு கணம் யோசித்து வைப்பது போன்ற நடை.

"யார் வந்திருக்கு பாருங்க அத்தா. அட்ரஸ் ஞாபகம் இருக்கு போல."

"சபீ..."

"உக்காரு. டீ நக்கோன்னு சொல்லாத. அம்மா உன்ன ஜன்னல்ல பாத்ததுமே அடுப்புல வெச்சாச்சு."

உட்கார்ந்தேன். அவள் தமிழில் ஹைதராபாத் உருது அப்படியே கலந்திருந்தது: நக்கோ என்றால் வேண்டாம், கைக்கு என்றால் எதற்கு, ஹவ் என்றால் ஆமாம். ஏ.எஸ்.ராவ் நகரில் ஒரு கண்ணாடிக் கடையில் வேலை செய்வதாகச் சொன்னாள். நான் பம்பைப் பற்றிச் சொன்னேன். இரண்டும் தீர்ந்துபோனது. பிறகு நான் கேட்டேன்.

"அன்னிக்கு காலைல நட்டை நான் டைட் பண்ணினேனா? நீ பாத்தியா?"

அவள் வலது காலை நீட்டி எதிரில் உட்கார்ந்தாள்.

"மூணு வருஷம். கைக்கு இவ்ளோ நாள், இத கேக்க?"

"பதில் சொல்லு சபீ."

"ஹவ், பாத்தேன். டைட் பண்ணின. எட்டும். என் பச்ச சாக்ஸ்ல க்ரீஸ் தேச்சிட்டன்னு கத்தினேன். ஸாரின்னு சொல்லி எச்சி தொட்டுத் துடைச்ச, இன்னும் பெருசா ஆச்சு. ஞாபகம் இல்ல உனக்கு?"

இல்லை. இப்போது அவள் சொல்லியும் வரவில்லை. ஆனால் அவள் பொய் சொல்கிறவள் அல்ல. எச்சில் தொட்டுத் துடைப்பது என் பழக்கம்தான். நெஞ்சில் இருந்து ஏதோ இறங்கியது. இறங்கிய இடத்தில் உடனே வேறொன்று வந்து உட்கார்ந்தது.

"அப்ப ஏன் கழண்டுச்சு?"

சபீனா அப்பாவைப் பார்த்தாள். யூசுப் மாமா எழுந்து, கட்டிலுக்கு அடியில் இருந்து ஒரு பையை இழுத்தார். அவளுடைய ஸ்கேட்டுகள். வலதில் மூன்று சக்கரம், இடதில் நான்கு.

"நீ இப்ப செக்கிங்ல இருக்கியாமே. செக் பண்ணு" என்றார்.

"ஸ்பேனர் இருக்கா மாமா?"

"கையால பண்ணு."

லாக் நட்டை விரலால் சுற்ற முடியாது. மரை நைலானைத் தொடும் வரைதான் விரலுக்கு வேலை. அதற்கு மேல் ஸ்பேனர் வேண்டும். அதற்காகத்தான் அந்த வளையமே. நான் முதல் நட்டில் இரண்டு விரலை வைத்தேன். அது சுற்றியது. கையோடு வந்துவிட்டது. உள்ளே பார்த்தேன். நைலானில் மரையின் வரிகள் இல்லை. வழவழவென்று, சோப்புத் துண்டின் ஓட்டை மாதிரி இருந்தது. இரண்டாவதும் சுற்றியது. ஏழும் சுற்றின.

"எத்தன நாளைக்கு ஒருக்கா கழட்டுவ?" என்று மாமா கேட்டார்.

"வாரா வாரம்."

"இந்த செட்டு எத்தன வருஷம்?"

"ரெண்டு."

"எங்க ஒர்க்ஷாப்ல இத ஒருக்கா கழட்டினா ஸ்கிராப் பெட்டிதான். ரெண்டாவது தடவ மாட்டினவனுக்கு மெமோ." அவர் குரலில் கோபம் இல்லை. சொல்லிக்கொடுக்கிற குரலும் இல்லை. வெகு நாள் வைத்திருந்த ஒன்றை மேசையில் வைக்கிறவர் போலச் சொன்னார். "நீ நூறு தடவ மாட்டியிருக்க."

இது எனக்குத் தெரியாத விஷயம் இல்லை. எங்கள் தொழிற்சாலையில் பொருத்தும் பிரிவின் சுவரில், கழற்றிய லாக் நட்டை மீண்டும் போடக்கூடாது என்ற அறிவிப்பு இருக்கிறது. அதற்குக் கீழே இருப்பது என் கையெழுத்து. பம்பு ஒரு இயந்திரம். அவள் ஸ்கேட் அவளுடைய கால் என்றுதான் நினைத்திருந்தேன். காலைத் துடைப்பதில் என்ன தப்பு?

"எப்பத் தெரியும் மாமா உங்களுக்கு?"

"ஆஸ்பத்திரிலேருந்து இவ வீட்டுக்கு வந்த மறுநாள்."

"நான்தான் சொல்லக் கூடாதுன்னேன்" என்றாள் சபீனா. "நீ வந்து கேட்டா சொல்லலாம்னு. அந்த வாரம் வருவன்னு நெனச்சேன். அப்புறம் அந்த மாசம். அப்புறம் எனக்கே வீம்பு."

"மறந்துட்டேன்னு நெனச்சிட்டே இருந்தேன் சபீ. மூணு வருஷமா."

"நெனை. நல்லா வேணும்." சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

டீ வந்தது. நான் கிளாஸைக் கையில் எடுத்து, குடிக்காமல் வைத்தேன்.

"இப்ப ஒரு பொண்ணோட ஆடறேன். அவ ஸ்கேட்ட தினமும் கழட்டறேன்."

யூசுப் மாமா நிமிர்ந்தார். "தினமுமா?"

"எத்தன மாசமா?" என்றாள் சபீனா.

"ஒம்போது."

அவள் எழுந்து பையை என் மடியில் போட்டாள். "போ. முதல்ல போய் அத மாத்து. ஸாரி எல்லாம் அப்புறமா வந்து சொல்லு. டீய வெச்சிட்டுப் போ, போடா."

திங்கட்கிழமை காலை சௌம்யாவின் ஸ்கேட்டை மடியில் வைத்து, வலது முன்பக்க வெளி நட்டில் விரலை வைத்தேன். அது விரலுக்கே சுற்றியது. அவளை அதன் மேல் எத்தனை முறை எறிந்திருக்கிறேன் என்று கணக்குப் போட ஆரம்பித்து நிறுத்தினேன். பாதி உயரத்தில் எறிந்ததால்தான் அது இன்னும் அங்கேயே இருந்திருக்குமோ என்றும் தோன்றியது. அந்த எண்ணத்தையும் நிறுத்த வேண்டியிருந்தது.

பதினாறு புது நட்டு வாங்கி வந்திருந்தேன். ஒவ்வொன்றும் பாதி வழியில் விரலுக்கு மறுத்தது. ஸ்பேனரை வைத்ததும் நைலான் அறுபடும் சின்ன முனகல் கேட்டது. முழுக்க இறுக்கம், கால் சுற்று தளர்வு. பதினாறும் முடிந்தது. சௌம்யாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் தன் ஸ்கேட்டைக் கவிழ்த்து ஒரு சக்கரத்தைச் சுழற்றிவிட்டாள்.

"ஸோ, இனிமே தொடக்கூடாது?"

"தொடக்கூடாது."

"உங்களால முடியுமா?"

முடிந்தது, ஆனால் எளிதாக இல்லை. ஸ்பேனரை மல்லாபூரில் என் லாக்கரில் பூட்டினேன். பயிற்சிக்கு முன்பான அந்த இருபது நிமிடம் கைகளை என்ன செய்வதென்று தெரியாமல் தொடைக்கு அடியில் வைத்து உட்கார்ந்திருப்பேன். அந்த வாரம் முழுக்க, பார்க்காத நட்டு ஒவ்வொன்றும் தளர்ந்துகொண்டிருப்பது எனக்குக் கேட்டது. கேட்காது என்று தெரியும். நட்டு தளரும்போது சத்தம் போடாது. அந்த வாரமும் என் எறிதல் பாதியில்தான் நின்றது. காரணம் தெரிந்துவிட்டால் கை சரியாகிவிடும் என்று நினைத்திருந்தேன். தலைக்குத் தெரிந்தது கைக்குப் போய்ச் சேரவில்லை.

தேர்வு ஞாயிறு காலை. நான்கு ஜோடிகள், நாங்கள் மூன்றாவது. எங்கள் ஆட்டத்தில் இரண்டு எறிதல்கள்: முதலாவது ஒரு நிமிடத்தில், அடுத்தது முடிவுக்கு அருகில். பாட்டு தொடங்கியது. முதல் எறிதலுக்கான வளைவில் பின்புறமாக ஓடியபடி அவள் இடுப்பைப் பிடித்தேன். என் தலை குனியப் பார்த்தது. "மேல பாருங்க" என்றாள் சௌம்யா, பல்லைக் கடித்துக்கொண்டு, சிரித்த முகம் மாறாமல். நிமிர்ந்தேன். அவள் முகம் இருந்தது. கொஞ்சம் வியர்த்து, மூக்கு சுருங்கி, முழுக்க சௌம்யாவின் முகம். என் கைகள் மேலே போயின. பாதியில் நிற்கவில்லை.

அவள் எழும்பினாள். ஒன்பது மாதத்தில் ஒருமுறையும் போகாத உயரம். பார்வையாளர் பக்கத்தில் யாரோ "அரே" என்றார்கள்.

அங்கேதான் தவறு நடந்தது. அவள் உடம்பு பழகியிருந்தது பாதி உயரத்துக்கு. அந்தக் குறைந்த நேரத்துக்குள் முடிக்க வேண்டும் என்று வழக்கம்போல வேகமாக முறுக்கினாள். இரண்டு சுற்றும் உச்சியைத் தாண்டியதுமே முடிந்துவிட்டன. முடிந்ததும் கைகளை விரித்து, காலை நீட்டி, தரையைத் தேடினாள். தரை அங்கே இல்லை. இன்னும் வெகு கீழே இருந்தது. நீட்டிய காலோடு காத்திருந்து, மெல்லத் திரும்பிக்கொண்டே வந்து, இடுப்பு தரையில் அடிக்க விழுந்தாள். சக்கரம் எல்லாம் காலோடு இருந்தது. அவளைத் தள்ளிவிட்டது அந்த ஒன்பது மாதம்தான்.

நான் நின்றுவிட்டேன். பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. எனக்கும் அவளுக்கும் இடையில் இருந்த பத்தடி சிமெண்டை என்னால் கடக்க முடியவில்லை. அவள் ஒரு கையை ஊன்றி எழுந்து, தானே என்னிடம் வந்து, என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தாள்.

"இவ்ளோ நாள் பாதிதான் எறிஞ்சீங்களா?" மூச்சு வாங்கியது. சிரிப்பு இன்னும் நடுவர்களுக்காக முகத்தில் இருந்தது. "அடுத்ததும் அதே ஹைட். குறைச்சீங்கன்னா கொன்னுடுவேன்."

"இடுப்பு..."

"அதே ஹைட்."

தூக்குதல் முடிந்தது. சுழற்சி முடிந்தது. இரண்டாவது எறிதலின் வளைவுக்குள் வந்தோம். குறைத்தால் அவள் பத்திரமாக இறங்குவாள் என்று என் விரல்கள் ஒவ்வொன்றும் சொல்லின. அது பொய் என்று இப்போது தெரியும். எந்த உயரம் வரும் என்று அவள் என்னை நம்பி முறுக்கப்போகிறாள். சொன்ன உயரத்தைக் கொடுப்பது ஒன்றுதான் அவளுக்கு நான் செய்யக்கூடிய பாதுகாப்பு. நான் முழுக்க எறிந்தேன்.

அவள் இந்த முறை அவசரப்படவில்லை. ஒரே ஒரு முறை அந்த உயரத்தில் இருந்து பார்த்தது அவளுக்குப் போதுமாக இருந்தது. உச்சி வரை நிதானமாகச் சுழன்று, இறங்கும்போது மீதியை முடித்து, கடைசியில்தான் கையை விரித்தாள். வலது கால். பின்புறமாக. நீளமாக, வளைந்து, என்னிடம் இருந்து விலகி ஓடினாள்.

பாட்டின் தாளத்தில் இரண்டு எண்ணிக்கைக்குள் நான் போய் அவள் கையைப் பிடிக்க வேண்டும். அவள் ஓடுவதைப் பார்த்து நின்றதில் மூன்றில்தான் பிடித்தேன்.

எங்கள் பெயர் மாற்று ஜோடியாக வந்தது. லட்சுமணன் சார் மதிப்பெண் தாளை வாங்கி வந்து, சௌம்யா இடுப்பில் ஐஸ் வைத்து உட்கார்ந்திருந்த பெஞ்சில் விரித்தார். விழுந்ததற்குக் குறைத்தது பெரிய எண். அதற்குக் கீழே சின்னதாக இன்னொன்று.

"இது எதுக்கு?" என்றாள் சௌம்யா.

"ஜோடி சேர ஒரு எண்ணிக்கை லேட்டு" என்றார் சார். என்னைப் பார்க்கவில்லை.